ஒன்றும் வளரவில்லை

"இல்லை" என்று நான் சொல்லி முடிக்க ஒரு நொடிகூட ஆகவில்லை. கேள்வி என்னிடம் கேட்கப்படவில்லை என்பதுதான் இதில் விசேஷம்.

மருத்துவர் கேட்டது என் மனைவியிடம். "இங்க வர்றதுக்கு முன்னாடி ஏதாச்சும் ஆன்டிபயாட்டிக் எடுத்தீங்களாம்மா?" பதில் சொல்ல அவள் வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன். இருபத்தாறு வருடத் திருமண வாழ்க்கையில் அவளை முந்தி நான் பேசிய தருணங்கள் மிகச் சில. அவற்றில் ஒன்றை இதற்குச் செலவழித்திருக்க வேண்டியதில்லை.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். காய்ச்சலில் மினுங்கும் கண்கள். பிறகு திறந்த வாயை மூடிக்கொண்டாள். மூன்றாம் மனிதர் முன்னால் புருஷனைப் பொய்யனாக்கக் கூடாது என்று ஒரு மரியாதை அவளிடம் உண்டு. கார்க் கதவைச் சாத்திய பிறகு அந்த மரியாதை செல்லுபடியாகாது.

உண்மை என்னவென்றால், அவள் எடுத்திருந்தாள். சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஆறு குளிசைகள். கொடுத்தவன் நான். என்ன குளிசை என்று கொடுத்த எனக்கும் தெரியாது.

அது ஜனவரிக் கடைசியில் வந்த நீண்ட வார இறுதி. வெள்ளி பின்னேரம் அவளுக்குச் சிறுநீர் எரிந்து சலக்கடுப்புத் தொடங்கியது. சனி காலை லேசான காய்ச்சல். எங்கள் மருத்துவரின் கிளினிக் செவ்வாய்தான் திறக்கும். ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்ப் பாதி நாள் பிளாஸ்டிக் கதிரையில் இருக்க அவளுக்கு விருப்பமில்லை. பக்கத்துக் கதிரையில் இருக்க எனக்கும் விருப்பமில்லை. ஆகவே இந்த வெளிநாட்டில், நார்த்மீட் என்ற புறநகரில் வாழும் இலங்கைத் தமிழன் இந்த இடத்தில் என்ன செய்வானோ அதைச் செய்தேன். அன்ரி வீட்டுக்குப் போனேன்.

அன்ரி எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். யாருக்கும் சொந்தமில்லை, எல்லோருக்கும் அன்ரி. கொழும்புக்குப் போய்வருகிறவர்கள் எல்லோரும் அவருக்கு மருந்து வாங்கி வருவார்கள். இங்கே மருத்துவர் எழுதித் தராமல் கிடைக்காதவை அங்கே சில கடைகளில் கேட்ட கையோடு கிடைக்கும். அவை ஒரு பெரிய பிஸ்கட் ரின்னுக்குள் சின்னச் சின்னப் பைகளில் கிடக்கும். ஒவ்வொரு பையிலும் அன்ரியின் வட்டமான கையெழுத்தில் ஒரு துண்டு ஒட்டியிருக்கும்: தொண்டை, பல்லு, வயித்தோட்டம், சலம். மருந்தின் பெயர் எங்கும் இருக்காது. நோயின் பெயர்தான் இருக்கும். நோயாளியின் பார்வையிலிருந்து யோசித்தால் இது எவ்வளவோ வசதியான ஒழுங்கு.

நான் போனபோது அன்ரி ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். மகன் காரை ஸ்டார்ட் பண்ணிவிட்டு ஹோர்ன் அடித்தான். அன்ரி பட்டுச்சேலையோடு ரின்னைக் கொண்டுவந்து கார் பொனெற்றில் வைத்துத் திறந்தார்.

"சலமோ, தம்பி? எத்தனை நாளா?"

"நேற்றுப் பின்னேரம் துவங்கினது, அன்ரி. இது பெனிசிலின் இல்லையே? போன வருசம் அதுக்கு இவவுக்கு உடம்பெல்லாம் தடிச்சது."

"சீ! பெனிசிலின் தொண்டைக்கெல்லோ." அட்டையிலிருந்து ஆறு குளிசையைக் கத்தரிக்கோலால் வெட்டினார். "காலம ஒண்டு, பின்னேரம் ஒண்டு. நல்லாத் தண்ணி குடிக்கச் சொல்லும். நான் கோயிலுக்குப் போட்டு வாறன்."

"ஆறு காணுமோ?"

"ஆறுக்கு மேல என்னத்துக்கு? மிச்சம் இன்னொரு சனத்துக்கு உதவும்."

ஞாயிறு மத்தியானம் காய்ச்சல் விட்டது. திங்கள் அவள் தோசை வார்த்தாள். என் மருத்துவத் திறமையில் எனக்கே ஒரு மதிப்பு வந்துவிட்டது. செவ்வாய் விடிய அவளுக்கு மறுபடி உடம்பு சுட்டது, இந்த முறை முதுகின் வலப்பக்கம் நோவும் சேர்ந்து. அப்படித்தான் மருத்துவரின் அறையில் அந்தக் கேள்விக்கு வந்து சேர்ந்தோம்.

ஏன் பொய் சொன்னேன் என்று பிறகு பலமுறை யோசித்தேன். அன்ரிக்குப் பிரச்சினை வந்துவிடும் என்று பயந்ததாக எனக்கே ஒரு காரணம் சொல்லிப் பார்த்தேன். கேட்க நன்றாக இருந்தது. உண்மைக் காரணம் அவ்வளவு அழகில்லை. அந்த மருத்துவர் தமிழ்நாட்டுக்காரி, என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், என்னை விஷயம் தெரிந்த ஆள் என்று நினைத்திருந்தார். அதற்குக் காரணமும் நான்தான். முந்தைய வருகைகளில் நான் வாசித்த புத்தகங்களைப் பற்றி அவருக்குப் பிரசங்கம் செய்திருந்தேன். பக்டீரியாவுக்குக் கரு கிடையாது, அதன் மரபிழை ஒரு வளையமாகச் சுருண்டு உள்ளே சும்மா மிதக்கிறது, மருந்தைத் தாங்கும் வித்தையை ஒரு பக்டீரியா பக்கத்தில் நிற்கும் இன்னொன்றுக்குக் கைமாற்றிவிடும் என்றெல்லாம் மருத்துவம் படித்தவரிடமே விளக்கியவன் நான். அப்படிப்பட்டவன் பெயர் தெரியாத குளிசையைக் கார் பொனெற்றில் வைத்து வாங்கினேன் என்று எப்படிச் சொல்வது?

மருத்துவர் கணினியில் பழைய குறிப்பைப் பார்த்தார். "போன தடவை மாத்திரை ஒத்துக்கல இல்ல? அதனால கண்ண மூடிட்டு எழுத வேண்டாம்னு பாக்கறேன். காய்ச்சல் இப்ப கம்மியாத்தான் இருக்கு. யூரினை கல்ச்சருக்கு அனுப்பறேன். என்ன கிருமின்னு தெரிஞ்சதும் அதுக்குச் சரியானத குடுக்கலாம். ரெண்டு நாள். நடுவுல குளிர் நடுக்கம் வந்தா உடனே எமர்ஜென்சி. சரிங்களா?"

"சரி" என்றாள் மனைவி.

கார்க் கதவு சாத்தப்பட்டது.

"ஏன் இல்லையெண்டு சொன்னனியள்?"

"ஆறு குளிசைதானே. அது முடிஞ்சு போச்சு. என்ன வரப்போகுது?"

"அவ என்னையெல்லோ கேட்டவ."

காரை எடுத்தேன்.

நான் ரயில்களின் நேர அட்டவணை போடும் பிரிவில் வேலை செய்கிறேன். ஹோம்புஷிலிருந்து நகரத்துக்குப் போகும் ரயில் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று என்பது போன்ற எண்கள்தான் என் சோறு. அதனால் எந்தப் புத்தகத்தில் என்ன வாசித்தாலும் நிமிடக் கணக்கு மட்டும் மூளையில் ஒட்டிக்கொள்ளும். நல்ல சூடும் தீனியும் கிடைத்தால் சில வகைப் பக்டீரியா இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். ஒன்று இரண்டு, இரண்டு நான்கு, நான்கு எட்டு. ஒரு மணித்தியாலத்தில் எட்டு என்றால் யாரும் பயப்படமாட்டார்கள். ஏழு மணித்தியாலத்தில் அது இருபது லட்சத்தைத் தாண்டும். உடம்புக்குள் இந்த வேகம் நடக்காது, தடைகள் நிறைய உண்டு என்று அதே புத்தகம் சொல்லியிருந்தது. அந்த வரி மட்டும் நினைவுக்கு வர மறுத்தது. புதன்கிழமை அலுவலகத்தில் அட்டவணை முன்னால் இருந்தேன். ஒவ்வொரு இருபது நிமிடத்துக்கும் ஒரு ரயில் இரண்டு ரயிலாக நிலையத்தை விட்டுப் புறப்பட்டுக்கொண்டிருந்தது.

வீட்டுக்குப் பத்து முறை அழைத்தேன். ஏழாவது முறை அவள், "எனக்குக் காய்ச்சல் கூடேல்ல, உங்கட சத்தத்தில தலையிடிதான் கூடுது" என்றாள்.

வியாழன் பிற்பகல் மருத்துவர் அழைத்தார். நான் தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டுக் குசினி மேசையில் வைத்தேன்.

"கல்ச்சர் ரிசல்ட் வந்திருச்சும்மா. ஒண்ணும் வளரல."

மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நல்ல செய்தி என்று நினைத்தாள். ஒன்றும் இல்லை என்பதை நல்ல செய்தியாகக் கேட்டுப் பழகியவர்கள் நாங்கள்.

"ஆனா காய்ச்சலும் முதுகு வலியும் இருக்கில்ல," என்று மருத்துவர் தொடர்ந்தார். "சாதாரண பக்டீரியா இல்லைன்னா வேற ஏதோ. ஸ்கேன் ஒண்ணு எழுதறேன், அடுத்த வாரம் தேதி கிடைக்கும். கொஞ்சம் ரத்தப் பரிசோதனையும் பண்ணிரலாம். பயப்படாதீங்க, ஒவ்வொண்ணா இல்லைன்னு உறுதி பண்ணிக்கத்தான்."

அவளுடைய சிரிப்பு மெதுவாக இறங்கியது. எதையெல்லாம் இல்லை என்று உறுதி பண்ணப் போகிறார்கள் என்று அவள் கேட்கவில்லை. அவளுடைய அக்காவுக்கும் நான்கு வருடம் முன்பு முதுகு நோவில்தான் தொடங்கியது. அந்தப் புற்றுநோயின் கதை எங்கே முடிந்தது என்பதை வீட்டில் யாரும் பேசுவதில்லை.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். தொலைபேசி மேசையில் இருந்தது, மருத்துவர் இணைப்பில் இருந்தார். நான் சொன்னது, "தாங்க் யூ டொக்டர்."

ஏன் ஒன்றும் வளரவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆய்வகத்தில் கடற்பாசிக் களியை, நாங்கள் கொண்டாட்டங்களில் கற்கண்டும் பாலும் சேர்த்து வெட்டிவைக்கிற அதே களியை, ஒரு சின்ன வட்டத் தட்டில் ஊற்றி, அதன்மேல் சிறுநீரைப் பூசி, உடம்புச் சூட்டில் வைப்பார்கள். உயிருள்ள பக்டீரியா ஒன்று விழுந்தால் மறுநாள் அது கண்ணுக்குத் தெரியும் பொட்டாகப் பெருகியிருக்கும். ஆனால் அந்தச் சிறுநீரிலேயே மருந்து இருந்தால்? செவ்வாய் காலையில் கொடுத்த சிறுநீரில் திங்கள் மாலைக் குளிசை இருந்தது. கிருமி சாகவில்லை, அடங்கிக் கிடந்தது. தட்டில் வளர அதற்கு நாங்கள் இடம் வைக்கவில்லை. முதுகுப் பக்கம் மேலே ஏற மட்டும் வழி விட்டிருந்தோம்.

நாங்கள் என்று எழுதுகிறேன். நான் என்று எழுத வேண்டும்.

கொல்லைப்புறம் போய் உடுப்புக் காயப்போடும் கொடிக்குக் கீழே நின்று கிளினிக் எண்ணை அழுத்தினேன். மணி அடிக்க முன்பே வெட்டினேன். மறுபடி அழுத்தினேன். வரவேற்பில் இருந்த பெண் ஆங்கிலத்தில் என்ன விஷயம் என்று கேட்டாள். மனைவியின் ஸ்கேன் பற்றி, பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டேன். மூன்றாவது முறை எடுத்தபோது கிளினிக் மூடிவிட்டதாகப் பதிவுக் குரல் சொன்னது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

வெள்ளி காலை எட்டு மணி. வெளியே பெப்ரவரி வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மனைவி இரண்டு போர்வைக்குள் இருந்து நடுங்கினாள். பல் அடிக்கும் சத்தம் குசினி வரை கேட்டது. "ச்... சன்னலைச் சாத்துங்கோ" என்றாள். சன்னல் சாத்தித்தான் இருந்தது.

கிளினிக்கை அழைத்து, மருத்துவரிடம் இப்போதே பேச வேண்டும் என்றேன். குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும், உடனே இணைத்தார்கள்.

"டொக்டர், செவ்வாய்க்கிழமை நான் சொன்னது பொய். அவ ஆன்டிபயாட்டிக் எடுத்தவ. மூண்டு நாள். நான்தான் குடுத்தனான்."

"என்ன மாத்திரை?"

"தெரியாது."

"தெரியாதா?"

"பையில சலம் எண்டு எழுதியிருந்தது."

நான் வாசித்த புத்தகங்கள் எல்லாம் அந்தக் கணத்தில் அலமாரியிலிருந்து வரிசையாக விழுந்தன.

"சார்," என்றார் மருத்துவர். குரலில் கோபம் இல்லாதது இன்னும் மோசமாக இருந்தது. "திட்டறதுக்கு இப்ப நேரமில்ல. நடுக்கம் இருக்குன்னா கிட்னி வரைக்கும் போயிருக்கலாம், ரத்தத்துக்கும் போகலாம். நேரா எமர்ஜென்சி கூட்டிட்டுப் போங்க. நான் லெட்டர் அனுப்பறேன். மருந்து ஏத்தறதுக்கு முன்னாடி திரும்ப சாம்பிள் எடுக்கணும்னு சொல்லுங்க. அந்த மாத்திரை பேரு வேணும். போற வழியில வாங்கிட்டுப் போங்க."

அன்ரி வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். மனைவி முன் இருக்கையில் போர்வையோடு இருந்தாள். கதவைத் திறந்த அன்ரி என் முகத்தைப் பார்க்கவில்லை, நேரத்தைத்தான் பார்த்தார்.

"இந்தக் காலங்காத்தால? உள்ள வாரும், தேத்தண்ணி போடுறன்."

"அன்ரி, அந்தச் சலக் குளிசை. பேர் வேணும். கெதியா."

"ஏன், முடிஞ்சு போச்சோ? இன்னும் நாலு தரலாம்."

"வேண்டாம் அன்ரி. பேர் மட்டும். அவ கார்ல நடுங்கிக்கொண்டிருக்கிறா."

அன்ரி எட்டிப் பார்த்தார். போர்வையைக் கண்டதும் முகம் மாறியது. உள்ளே ஓடினார். எழுபத்தைந்து வயதில் அப்படி ஓடியவரை நான் பார்த்ததில்லை. ரின்னை நிலத்தில் கவிழ்த்துக் கொட்டினார். பைகள் சிதறின. சலம் பைக்குள் இருந்த அட்டைத் துண்டில் பாதி எழுத்துத்தான் இருந்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் வெட்டிக் கொடுத்ததில் பெயரின் தலை ஒரு வீட்டுக்கும் வால் இன்னொரு வீட்டுக்கும் போயிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் முழங்காலில் நின்று தேடினோம்.

"பெட்டி... பெட்டியை நான் எறியேல்ல, தம்பி," என்று அன்ரி முணுமுணுத்தார். "பிள்ளையாரே, எறியேல்ல."

வெறும் பெட்டி தட்டையாக மடிந்து ரின்னின் அடியில் ஒட்டிக் கிடந்தது. பெயர் முழுதாக இருந்தது. பெனிசிலின் குடும்பம் இல்லை. நான் அதைச் சட்டைப் பையில் வைத்தபோது அன்ரி என் கையைப் பிடித்தார்.

"நான் நல்லதுக்குத்தான் தந்தனான்."

"ஓம் அன்ரி. நானும் நல்லதுக்குத்தான் குடுத்தனான்."

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் மருத்துவர் ஆங்கிலத்தில் அதே கேள்வியைக் கேட்டார். நான் பெட்டியை நீட்டினேன். மனைவி பல் நடுங்க நடுங்க, எத்தனை, எப்போது, யார் கொடுத்தது, யார் மறைத்தது எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னாள். இளம் மருத்துவர் யார் மறைத்தது என்ற பகுதியை எழுதிக்கொள்ளவில்லை. நன்றி. சிறுநீரும் இரத்தமும் எடுத்த பிறகு மருந்தை நாளத்தில் ஏற்றினார்கள். சிறுநீரகத்தின் இயக்கத்தைக் காட்டும் இரத்த அளவு ஒன்று ஏறியிருக்கிறது, கவனித்துப் பார்க்க வேண்டும் என்றார்கள்.

மறுபடி காத்திருப்பு. இந்த முறை தட்டில் ஏதாவது வளர வேண்டுமே என்று தவித்தேன். வளர்ந்தால் எதிரி யார் என்று தெரியும், வளராவிட்டால் அக்காவின் கதையைத் தேடத் தொடங்குவார்கள். எந்த மனிதனும் தன் மனைவியின் சிறுநீரில் பக்டீரியா இருக்க வேண்டும் என்று இவ்வளவு உருக்கமாக வேண்டியிருக்கமாட்டான். கட்டில் பக்கத்துக் கதிரையில் இருந்தபடி, அவளுடைய உடம்புக்குள் மயிரிழை போன்ற கொக்கிகளால் சுவரைப் பிடித்துக்கொண்டு தொங்கும் சின்னக் கோல்களை நினைத்தேன். நம் குடலில் வாழ்நாள் முழுக்கச் சத்தமில்லாமல் குடியிருக்கிற ஒன்றுதான் பெரும்பாலும் இதைச் செய்யும் என்று வாசித்திருந்தேன். ஒரு விரற்கடை தள்ளி, போகக் கூடாத பாதைக்குள் போய்விட்டால் போதும். அதற்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. அதற்கு எண்ணமே கிடையாது. அந்த வகையில் அது என்னைவிடக் குறைந்த குற்றவாளி.

ஞாயிறு காலை இளம் மருத்துவர் வந்தார். வளர்ந்திருக்கிறது என்றார். குடலில் இருக்கும் அதே சாதாரணக் கோல்வடிவக் கிருமி. இரத்தத்தில் ஒன்றும் இல்லை. தட்டில் வைத்துப் பார்த்த மருந்துகளில் பெரும்பாலானவற்றுக்கு அது மசிகிறது, இப்போது ஏறிக்கொண்டிருப்பதற்கும்தான். வாய் திறந்தேன். மனைவி ஊசி குத்தியிருந்த கையை உயர்த்தினாள்.

"நான் கேக்கிறன்," என்றாள் என்னிடம். பிறகு அவரிடம் ஆங்கிலத்தில் தன் சிறுநீரகத்தைப் பற்றிக் கேட்டாள். அளவு இறங்கத் தொடங்கியிருக்கிறது, நாளைக்கும் பார்ப்போம், பெரும்பாலும் பழைய நிலைக்கு வரும், ஆனால் உறுதி சொல்ல இன்னும் சில வாரம் வேண்டும் என்றார். அவள் தலையசைத்தாள். அவர் போனார்.

திரைக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். அவள் கூரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"பயந்திட்டியளோ?"

"ஓம்."

"எதுக்கு? எனக்கு என்னவும் நடந்திடுமெண்டோ, நீங்கள் பிடிபட்டிடுவியளெண்டோ?"

வசதியான பதில் ஒன்று நாக்கின் நுனிவரை வந்தது. அந்த வாரம் வசதியான பதில்களை நான் நிறையச் சொல்லியிருந்தேன்.

"செவ்வாயும் புதனும் பிடிபட்டிடுவன் எண்டுதான் கூடப் பயந்தனான்," என்றேன். "வியாழன் ரெண்டும். வெள்ளியில இருந்து உமக்குத்தான்."

அவள் துளித்துளியாக இறங்கும் மருந்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெள்ளியில இருந்தோ," என்றாள் கடைசியில். பிறகு கையை நீட்டினாள். "அந்தத் தண்ணியை எடுங்கோ."

எடுத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கோப்பையை என் கையில் தராமல் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.